ஒத்தை ஆளுக்கு வைத்த லைட்டு

அந்தச் சிவப்பு வண்டியின் டிரைவர் சீட்டில் தையல்காரம்மா எத்தனை தடவை உட்கார்ந்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே கணக்குத் தெரியாது. ஓட்டியிருக்கிறாளா என்று கேளுங்கள். ம்ஹூம், ஒரு அடிகூட இல்லை. சாவியைத் திருப்பிப் பார்த்ததுகூடக் கிடையாது. அவள் வேலை உட்காருவது. முதுகை நன்றாகச் சாய்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு அவள் புருஷன் "அசையாத, அசையாத!" என்று கத்திக்கொண்டிருப்பார்.

வண்டியின் முன்விளக்கைச் சரியாக வைப்பதற்கு ஒரு முறை உண்டு. தரை சமமாக இருக்க வேண்டும். டயரில் காற்றுச் சரியாக இருக்க வேண்டும். டாங்கில் பாதிக்காவது பெட்ரோல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, டிரைவர் சீட்டில் டிரைவரின் எடைக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கும், மூக்கு தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். காலி வண்டியில் வைத்துவிட்டு ரோட்டுக்குப் போனால் எதிரே வருகிறவன் கண்ணில் குத்தும், அப்புறம் அவன் வாயில் நம் குடும்பமே புரளும். முறையில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஆனால் திருகுகிற ஆளும் டிரைவரும் ஒருவரே என்றால் சீட்டில் யார் உட்காருவது? வீட்டில்தான் ஒருத்தி சும்மா இருக்கிறாளே! சும்மா என்றால், காலையில் எழுந்தது முதல் பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்துக் கழுத்து ஒடிய உட்கார்ந்திருக்கிறாளே, அந்தச் சும்மா.

கல்யாணமான புதிதில் அவள் ஒல்லி. புருஷன் எடைக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து அவள் மடியில் வைத்துவிடுவார். புதுப் பெண்டாட்டி மடியில் தலை வைத்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம், பேட்டரி வைத்த மகானுபாவர் இவர் ஒருத்தர்தான். ஒரு தடவை அதிலிருந்து ஆசிட் கசிந்து அவள் நல்ல உடுப்பில் பெரிய ஓட்டை. "அசையாதன்னு சொன்னேன்ல," என்றார். அப்புறம் பிள்ளை பிறந்தான், மெஷினில் உட்கார்ந்தே வருஷங்கள் போயின, உடம்பு பெருத்தது. ஒரு நாள் பழைய பேப்பர் கடைத் தராசில் இருவரும் ஏறி நின்றார்கள். அவர் எழுபத்து நாலு, அவளும் எழுபத்து நாலு.

"இனிமே பேட்டரி வேண்டாம். கரெக்டா என் வெயிட்டுக்கு வந்துட்டே!" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக.

அத்தனை வருஷத்தில் அவள் உடம்பைப் பற்றி அவர் வாயிலிருந்து உதிர்ந்த ஒரே பாராட்டு அது. அவளும் வெட்கப்பட்டாள், பாவம்.

தெருவில் அவருக்கு 'ஸ்பீடு' என்று பெயர். வாய்க்கொழுப்புப் பிடித்த எவனோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குழாய் இலாகாவின் ஸ்டோரில் குழாயும் வால்வும் எண்ணிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் இந்த வண்டி! தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, சுவிட்சைத் தட்டினால் மேலே எழும்பும் விளக்குகள். பார்ப்பதற்கு இப்போதே பறந்துவிடும் போலிருக்கும். அவரோ நாற்பதைத் தாண்டமாட்டார். தாண்டினால் இன்ஜின் தேயுமாம்.

இரண்டு சீட்டில் ஒன்று அவருக்கு. மற்றது? பிள்ளை சின்னவனாக இருந்தபோது, "மூணு பேருக்கு எடமில்ல, நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துடுங்க," என்பார். சரி, நியாயம்தான் என்று அவளும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பிள்ளை வளர்ந்தான், வேலைக்கென்று வேறு தேசம் போனான். சீட்டு காலியானது. இப்போது என்ன சொல்வார் என்று பார்த்தால், அதற்கும் பதில் இருந்தது.

"லைட்டு ஒத்தை ஆளுக்கு வெச்சிருக்கு. நீயும் ஏறினா தூக்கிடும். எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சிடும்."

"அப்ப பகல்ல போலாமே?"

"பகல்ல இன்ஜின் சூடாகும். பழைய வண்டி, வெயில் தாங்காது."

பகலில் சூடு, ராத்திரியில் லைட்டு. ஆக, ஒரு நாளில் அவள் அந்த வண்டியில் ஏறுவதற்கென்று ஒரு நாழிகை கிடையாது! இதைக் கேட்டு வேறு ஒருத்தியாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி எறிந்திருப்பாள். இவள் நம்பினாள். அசையாமல் உட்கார்ந்து பார்த்தவள் அல்லவா, ஆள் ஏறினால் சுவரில் வெளிச்சம் ஏறுவதைக் கண்ணாலேயே கண்டவள். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அவளுடைய அக்கா இருந்தாள். தாயில்லாத வீட்டில் இவளுக்குத் தலை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, ஊசியில் நூல் கோக்கக் கற்றுக் கொடுத்தது எல்லாம் அந்த அக்காதான். இப்போது தனி ஆள், வீட்டு வேலைக்கு ஒரு பெண் வந்து போவாள். அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள்.

"நடுவுல எல்லாம் புகை மாதிரி ஆயிடுச்சுடி," என்றாள் அக்கா போனில். "ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது. மஞ்சள் கலர் மட்டும் இன்னும் நல்லாத் தெரியுது. முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போயேன். உன் மூஞ்சியப் பாத்துடறேன்."

தையல்காரம்மா அன்று தைத்த சட்டைக்கெல்லாம் கை மாற்றித் தைத்துவிட்டாள், பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. போக வேண்டும், எப்படிப் போவது? போன வருஷம் வழுக்கி விழுந்ததில் முட்டிக்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். மலைப் பஸ்ஸில் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் காலை மடக்கி நாளெல்லாம் உட்காருவது நடக்கிற காரியமில்லை. வண்டியில் என்றால் காலை நீட்டிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது சீட்டு படுக்கை மாதிரி நீளம். ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"இந்த லைட்ட வெச்சுக்கிட்டா? மலைப்பாதைல மெழுகுவத்தி மாதிரி எரியும்," என்றார் ஸ்பீடு.

"அப்ப லைட்ட மாத்துங்களேன்!"

அவர் காதை மட்டும் சொறிந்துகொண்டார். பத்து நாள் கழித்துப் பெரிய பார்சல் ஒன்று வந்தது. பிரித்தால், புது விளக்கு இரண்டு. லென்ஸ் வைத்த வெள்ளை விளக்கு. தையல்காரம்மா ஒவ்வொன்றாய் எடுத்துத் துடைத்து வைத்தாள். நாம்தான் இந்த மனுஷரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் வாயைத் திறந்து, "உனக்காகத்தான்" என்று சொன்னாரா? சொல்லவில்லை. அவர் எப்போது வாயைத் திறந்து எதைச் சொன்னார்? இவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

விளக்கை மாட்டி முதல் முதலாகப் போட்டபோது எதிர்வீட்டுத் தபால்காரர் துண்டோடு வெளியே ஓடி வந்துவிட்டார். "யோவ் ஸ்பீடு! என்னய்யா இது, என் வீட்டுக்குள்ள விடிஞ்சிடுச்சு!"

"இன்னும் அட்ஜஸ்ட் பண்ணலண்ணே, ரெண்டு நாள் பொறுங்க," என்றார் ஸ்பீடு. பிறகு அவளிடம் வந்தார். "தடிமனான துணியில நாலு பை தை. மணல் ரொப்பணும். தையல் விடக் கூடாது."

"எதுக்குங்க?"

"பக்கத்து சீட்டுக்கு. ரெண்டு ஆளு வெயிட்டுக்கு லைட்ட வெக்கணும்ல."

ரெண்டு ஆள்! அந்தப் பைகளுக்கு அவள் போட்ட தையலைப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பணக்கார வீட்டுக் கல்யாணத் துணிக்கும் அப்படி இரட்டைத் தையல் போட்டிருக்கமாட்டாள். அக்காவுக்கு உடனே போன் போட்டாள். "வர்றேன்க்கா, கார்லயே வர்றேன்! நேரா உன் வாசல்ல வந்து எறங்கறேன்." அக்கா குழந்தை மாதிரி சிரித்தாள். "மஞ்சள் உடுத்திட்டு வாடி. அப்பத்தான் தூரத்துலேருந்தே தெரியும்." மறுநாளே நல்ல பளீர் மஞ்சளில் துணி எடுத்துத் தனக்கு ஒரு உடுப்பும், அதே துணியில் அக்காவுக்கு ஒரு போர்வையும் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை தொடங்கியது. ஸ்பீடு சுவரில் விளக்கின் உயரத்தை அளந்து கறுப்பு டேப் ஒட்டினார், அதற்குக் கீழே இன்னொரு டேப். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ் டேப்பைத் தொட வேண்டும், மீறக் கூடாது. பக்கத்துச் சீட்டில் நாலு மூட்டையையும் அடுக்கி பெல்ட்டை மாட்டினார். ஒரு விளக்கைத் துண்டால் மூடிவிட்டு மற்றதன் திருகைத் திருப்பினார். தையல்காரம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பக்கத்து மூட்டையைப் பார்த்தாள். அது அவள்தான். இத்தனை காலம் கழித்து அந்தச் சீட்டில் அவளுக்கு ஒரு இடம் வந்துவிட்டது, மணலாகவாவது. சிரிப்பு வந்தது. மூட்டையின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"அசையாத!"

"அசையலீங்க. ஆமா, இது எத்தனை கிலோ இருக்கு?"

"மூட்டைக்கு இருபத்தி நாலு. மொத்தம் தொண்ணூத்தி ஆறு."

அவள் மனக்கணக்குப் போட்டாள். தையல்காரிக்கு அளவு தப்புமா? "ஏங்க, நான் எழுபத்தி நாலுதானே?"

"நீயா? நீ எதுக்கு?" ஸ்பீடு குனிந்தபடியே இருந்தார். "பல் டாக்டர்டி. பழைய வண்டிக்காரங்கள்லாம் ஒண்ணா போறாங்க, மலை தாண்டி. அவர் வண்டிதான் படுத்துக் கிடக்கே, என்கூட வர்றார்."

பல் டாக்டர் என்பவர் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்து அவள் போடும் டீயைக் குடித்துக்கொண்டு கார்புரேட்டரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற சிநேகிதர். தாடி வைத்த, தடித்த மனுஷர். அவளை 'அண்ணி' என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

"மலை தாண்டின்னா, அக்கா ஊருக்கா?"

"ம். அங்கதான் தங்கறோம். ஏதாவது குடுக்கணும்னா குடு, போற வழிதான், குடுத்துடறேன்."

அவள் கதவைத் திறக்கக் கையை வைத்தாள். "எறங்காத! எறங்கினா கோடு கீழ போயிடும்!" என்று அலறினார் அவர். அவள் இறங்கவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், இறங்கவில்லை! அவர் இடது விளக்கை முடித்து, துண்டை மாற்றி, வலது விளக்கையும் முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பழக்கம். பழக்கத்தை என்ன செய்வது?

அன்றிலிருந்து அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. இந்த ஒரு தடவை மட்டும் என்றாள். அக்காவின் கண்ணைச் சொல்லி அழுதாள். ஸ்பீடு, "பாக்கலாம்," என்றார். இந்தப் 'பாக்கலாம்' இருக்கிறதே, முடியாது என்பதைவிடக் கேடுகெட்ட சொல். முடியாது என்றால் மனுஷி அழுதுவிட்டு வேறு வழி பார்ப்பாள். பல் டாக்டரிடமே கேட்டாள். "அடடா, அடுத்த தடவ கண்டிப்பா அண்ணி. இந்தத் தடவ என் பேரும் குடுத்துட்டாங்களே!" என்று தாடியைத் தடவினார்.

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். "மஞ்சள் தச்சுட்டியாடி?" என்றாள் அக்கா. "தச்சுட்டேன்க்கா," என்றாள் இவள். மறுபடி எடுத்தாள். "சனிக்கெழம சாயங்காலம்தானே?" என்றாள் அக்கா. "ஆமாக்கா." கடைசி நிமிஷத்தில் அந்த மனுஷர் மனம் மாறிவிட்டால்? டாக்டருக்கு வயிற்று வலி வந்துவிட்டால்? சனிக்கிழமை அவள் மஞ்சள் உடுப்பைப் போட்டுக்கொண்டு, பையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். டாக்டர் வந்து சீட்டில் சரிந்தார். வண்டி அமுங்கியது. மடக்கி வைத்திருந்த மஞ்சள் போர்வையை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தாள், அவ்வளவுதான். வண்டி போன பிறகு அக்காவுக்குப் போன் போட வேண்டும் என்று உள்ளே போனவள், எண்ணை அழுத்தாமலே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இனி எந்த வாயால் சொல்வது?

ஞாயிறு மாலை ஸ்பீடு திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே சிரிப்பு.

"கேளேன் கூத்த! லைட்ட அணைக்காமயே உங்கக்கா வீட்டு கேட் முன்னாடி நிறுத்தினேன். அவங்க வாசல்லயே நிக்கிறாங்க. நம்ம டாக்டர் அந்த மஞ்சள் போர்வைய மார்ல அணைச்சுக்கிட்டு எறங்கினார். அவ்வளவுதான்! 'வந்துட்டியாடி தங்கம்'னு ஓடி வந்து கட்டிப் புடிச்சிட்டாங்க! முதுகத் தடவுறாங்க, தலையத் தடவுறாங்க. 'என்னடி இப்படி ஊதிப் போயிட்டே'ங்கறாங்க! கை தாடியில பட்டப்பறம்தான் விட்டாங்க. ஐயோ, டாக்டர் மூஞ்சியப் பாக்கணுமே!" அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பறம் என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்றது. ஒண்ணும் சொல்லல. போர்வைய வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு வாய் டீகூடக் குடுக்கல."

தையல்காரம்மா போனை எடுத்தாள்.  அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"ஒரே வெள்ள வெளிச்சம்டி. அதுக்கு நடுவுல மஞ்சள். நீதான்னு நெனச்சுட்டேன்."

"அக்கா..."

"நான் சாயங்காலத்துலேருந்து வாசல்லயே நின்னேன். வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. அவர் சொல்லமாட்டார், அவர் யாரோ. நீ சொல்லியிருக்கலாமே."

 இத்தனை வருஷம் அசையாதே அசையாதே என்று கேட்டுக் கேட்டு, அசைய வேண்டிய இடத்திலும் வாய் அசையவில்லை. அவள் தப்புத்தான், யார் மறுக்கிறார்கள்? அன்று ராத்திரி அவர் மேல் வந்த கோபத்தைவிட தன் மேலேயே அவளுக்கு வந்த கோபம் அதிகம்.

மறுநாள் மாலை ஷெட்டிலிருந்து குரல் வந்தது. "ஏய், வந்து உக்காரு! மலை ரோட்டுல குலுங்கி வலது லைட்டு லூசாயிடுச்சு!"

அவள் வந்தாள். மஞ்சள் உடுப்பில் வந்தாள். கையிலிருந்த பையை ஷட்டர் ஓரமாக வைத்தாள். ஸ்பீடு அதைக் கவனிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பிய்ந்துபோன டேப்பைக் கிழித்துப் புது டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சீட்டில் நாலு மூட்டையும் மறுபடி ஏறியிருந்தன, டாக்டருக்குப் பதிலாக. அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, ஒரு மூட்டையை இந்தப் பக்கம் இழுத்தாள். தகடு வைத்த கால் உயிரை வாங்கியது. இரண்டாவதை இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதையும் இழுத்துப் போட்டு, பெல்ட்டை எடுத்து மாட்டினாள்.

'டக்' என்ற சத்தத்துக்கு அவர் திரும்பினார். "என்னடி பண்றே?"

"உக்கார வெச்சிருக்கேன். இது அசையாது. தண்ணி தவிக்குதுன்னு சொல்லாது. எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னும் கேக்காது. நானே தச்சது, தையல் விடாது."

பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். காலை ஆறு மணிக்கு மலைப் பஸ், அதுவரை பஸ் நிலையத்துப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தால் போகிறது. அக்கா கதவைத் திறப்பாளா, திறந்தாலும் மஞ்சளாவது தெரியுமா, எதுவும் அவளுக்கு நிச்சயமில்லை. எதிர்வீட்டுத் தபால்காரர் எட்டிப் பார்த்தார். பின்னால் ஸ்பீடு ஷட்டருக்கு வெளியே ஓடி வருவது கேட்டது. அவர் அவளைக் கூப்பிடப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்தப் பாழும் மனசு அப்போதும் நினைத்தது.

"மூணு மூட்டைன்னா எழுபத்தி ரெண்டுதான்டி வருது!" என்று தெருவே கேட்கக் கத்தினார் அவர். "இன்னும் ரெண்டு கிலோ கொறையுது!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டிக்கால் அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது.